இரவிலும் வெந்நீர்: ஒரு பெயர் பிறந்த கதை

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், வீடுகளுக்குத் தேவையான வெப்பமூட்டும் சாதனங்களை விற்றுவந்தவர் கிளாரன்ஸ் கெம்ப். 1891 ஏப்ரலில் அவருக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. வெயிலைக் கொண்டே தண்ணீரைச் சூடாக்கும் ஒரு பெட்டிக்கான காப்புரிமை அது. காப்புரிமைப் பத்திரத்தில் அந்தப் பெட்டிக்கு இருந்த நீளமான தலைப்பு அரசாங்க அலுவலகத்துக்குச் சரி, கடைக்கு உதவாது. 'க்ளைமாக்ஸ்' என்று பெயர் வைத்து விற்கத் தொடங்கினார் கெம்ப். கடைச்சரக்காக விற்பனைக்கு வந்த முதல் சோலார் வாட்டர் ஹீட்டர் அதுதான்.

நான் சொல்ல வந்த பெயர் பிறக்க இன்னும் பதினெட்டு ஆண்டுகள் இருக்கின்றன. ஆனால் க்ளைமாக்ஸ் எதைச் செய்தது, எதைச் செய்ய முடியாமல் போனது என்று தெரிந்துகொண்டால்தான் பின்னால் வந்த பெயரின் அருமை புரியும்.

கெம்ப்புக்கு முன்பே அமெரிக்கப் பண்ணைகளில் ஒரு வழக்கம் இருந்தது. இரும்புத் தொட்டிக்குக் கறுப்பு வண்ணம் பூசி, தண்ணீர் நிரப்பி, வெயிலில் வைத்துவிடுவார்கள். பிற்பகலுக்குள் தண்ணீர் சூடேறிவிடும். பொழுது சாய்ந்ததும் அதே வேகத்தில் ஆறியும் விடும். இன்னொரு பக்கம், 1767லேயே ஜெனீவாவைச் சேர்ந்த விஞ்ஞானி ஒராஸ் தெ சொசூர், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வெயில் நுழைந்தால் உள்ளே சூடு தங்கி ஏறும் என்று சோதித்துக் காட்டியிருந்தார். பண்ணைக்காரரின் தொட்டியும் விஞ்ஞானியின் பெட்டியும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. கெம்ப் இரண்டையும் சேர்த்தார். பைன் மரத்தில் ஒரு பெட்டி. உட்புறம் ஃபெல்ட் காகிதத்தால் காப்பு. அதற்குள் கறுப்பு பூசிய கால்வனைஸ்டு இரும்பு உருளைகள் நான்கு. மேலே கண்ணாடி மூடி. கூரையில் ஏற்றி வைத்துக் குழாயை இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. பால்டிமோர் போன்ற குளிர் நகரத்திலும் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து அக்டோபர் கடைசி வரை அது வெந்நீர் கொடுத்தது. விலை 25 டாலர்.

கெம்ப் யாரைக் குறிவைத்து விற்றார் என்பது சுவாரஸ்யமானது. கோடையில் மனைவி பிள்ளைகளும் வேலையாட்களும் குளிர்ச்சியான ஊர்களுக்குப் போய்விட, வீட்டில் தனியே மாட்டிக்கொண்ட கணவன்மார்தான் அவருடைய முதல் வாடிக்கையாளர்கள். கரி அடுப்பை மூட்டத் தெரியாதவரும் குழாயைத் திருகினால் குளித்துவிடலாம் என்பதுதான் அவர் கொடுத்த வாக்கு.

அந்த வாக்கு நன்றாக எடுபட்டது பால்டிமோரில் அல்ல, நாட்டின் மறுகோடியில் இருந்த கலிஃபோர்னியாவில். அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. எரிபொருளுக்குத்தான் பஞ்சம். நிலக்கரி தூரத்திலிருந்து வரவேண்டும். கரியிலிருந்து வடித்த வாயுவும் விலை அதிகம். 1895இல் பசடீனா நகரத்து வணிகர்கள் இருவர், கலிஃபோர்னியாவில் க்ளைமாக்ஸை விற்கும் தனியுரிமையை 250 டாலர் கொடுத்துக் கெம்ப்பிடம் வாங்கினார்கள். அங்கு ஒரு குடும்பம் 25 டாலர் போட்டு க்ளைமாக்ஸ் வாங்கினால் ஆண்டுக்கு 9 டாலர் அளவுக்குக் கரிச்செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். மூன்றே ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். 1900க்குள் தென் கலிஃபோர்னியாவின் கூரைகளில் 1,600 ஹீட்டர்கள் ஏறியிருந்தன.

விற்கும் பொருளுக்குப் பின்னாலேயே போட்டியாளர்களும் வருவார்கள். லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த ஃபிராங்க் வாக்கர் 1898இல் தனக்கென ஒரு காப்புரிமை பெற்றார். அவருடைய ஹீட்டரின் தொட்டிகளைக் கூரைக்குள்ளேயே பதித்து, வீட்டு அடுப்போடும் இணைத்துக்கொள்ளலாம். வெயில் இல்லாத நாளில் அடுப்பு கைகொடுக்கும். பிறகு 'இம்ப்ரூவ்ட் க்ளைமாக்ஸ்' என்று ஒன்று வந்தது. உருளைகளுக்குப் பதிலாக ஆழமில்லாத, தட்டையான ஒரே தொட்டி. வெயில் படும் பரப்பு கூடியதால் தண்ணீர் சீக்கிரம் சூடானது. பெயரைக் கவனியுங்கள். உள்ளே இருக்கும் பொருள் வேறாகிவிட்டது. ஆனால் க்ளைமாக்ஸ் என்ற பெயரை விட்டுவிட யாருக்கும் மனம் வரவில்லை. வாங்குபவர் கடைக்குள் நுழையும்போது எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறாரோ, அதற்கு ஒரு விலை இருக்கிறது என்பது அந்த வணிகர்களுக்குப் புரிந்துவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் சட்டம் பேச வேண்டும். கெம்ப் பெயர் வைத்த காலத்தில், அந்தப் பெயரைக் காக்க அமெரிக்காவில் தேசிய அளவில் உருப்படியான சட்டம் இல்லை. 1870இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு டிரேட்மார்க் சட்டம் இயற்றியிருந்தது. ஒன்பதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. ஷாம்பெயின், விஸ்கி புட்டிகளில் போலி லேபிள் ஒட்டியவர்கள்மீது தொடரப்பட்ட வழக்குகளில் வந்த தீர்ப்பு அது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாமுவேல் மில்லர். அரசியல் சாசனம் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் கண்டுபிடிப்பாளர்களையும் எழுத்தாளர்களையும் காப்பதற்கானது. டிரேட்மார்க் கண்டுபிடிப்பும் அல்ல, எழுத்தும் அல்ல. அதற்கு மேதைமை வேண்டாம், கற்பனை வேண்டாம். ஒருவர் அதை முதலில் எடுத்துப் பயன்படுத்தினார் என்பதிலிருந்தே அந்த உரிமை வருகிறது. மில்லர் சொன்னதன் சாரம் இதுதான்.

சட்டத்தைக் கொன்ற தீர்ப்பு அது. ஆனாலும் டிரேட்மார்க் என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாகச் சொன்ன இடம் குறைவு என்று நினைக்கிறேன். காப்புரிமை யோசித்ததற்குக் கிடைக்கும் பரிசு. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அது பதினேழு ஆண்டுக்கு மட்டும். அதன்பின் அந்தக் கண்டுபிடிப்பு ஊருக்கே சொந்தம். பெயரின் மீதான உரிமையோ புழக்கத்தில் வளர்கிறது. புழங்கும்வரை அதற்குச் சாவில்லை.

1881இல் வந்த அடுத்த சட்டம் வெளிநாட்டு வணிகத்துக்கும் பழங்குடியினரோடு நடந்த வணிகத்துக்கும் மட்டும் பொருந்தியது. பால்டிமோரிலிருந்து பசடீனாவுக்குப் போன மரப்பெட்டிக்கு அதனால் பயனில்லை. மாநிலங்கள் தனித்தனியே சட்டம் வைத்திருந்தன. கலிஃபோர்னியா 1863லேயே இயற்றியிருந்தது. அதை விட்டால், என் பெயரில் இன்னொருவன் சரக்கை விற்று என் வாடிக்கையாளரை ஏமாற்றுகிறான் என்று நீதிமன்றத்தில் போய் நிற்கும் பழைய பொதுச்சட்ட வழிதான். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகும் சரக்கின் பெயரைத் தேசிய அளவில் பதிய 1905ஆம் ஆண்டுச் சட்டம்தான் கதவைத் திறந்தது.

அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1909 கோடையில், நம் கதைக்குரிய மனிதர் வருகிறார்.

வில்லியம் பெய்லி கார்னகி ஸ்டீல் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். உடல்நலம் தேடிக் கிழக்கிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்தவர். லாஸ் ஏஞ்சலஸை அடுத்த மன்ரோவியாவில் குடியேறினார். வறண்ட காற்றும் வெயிலும் காசநோய்க்கு நல்லது என்று நம்பிய காலம் அது. காசநோயாளிகளுக்கான பாட்டெஞ்சர் சானடோரியம் அந்த ஊரில்தான் இருந்தது. உடம்பைத் தேற்ற வெயிலைத் தேடி மக்கள் வந்து சேர்ந்த அந்த ஊரில், வெயிலை வைத்து என்ன செய்யலாம் என்று ஒரு பொறியாளர் யோசித்ததில் எனக்கு வியப்பில்லை.

அவருக்கு முன் வந்த ஹீட்டர்கள் எல்லாவற்றிலும் ஒரே குறை. தண்ணீர் எங்கே சூடாகிறதோ அங்கேயேதான் தேங்கியும் நிற்கிறது. வெயிலை உள்ளே விடும் கண்ணாடிதான் இரவில் சூட்டை வெளியே விடுகிறது. மாலையில் கொதிக்கும் தண்ணீர், காலையில் கைவைத்தால் சில்லென்று இருக்கும். விடியற்காலையில் குளிப்பவருக்கும், காலையில் துணி வெளுக்கும் பெண்ணுக்கும் அதனால் பயனில்லை. அவர்கள் பழையபடி அடுப்பைத்தான் மூட்டினார்கள். கண்ணாடியைத் தடிமனாக்கினாலும் பெட்டியை மாற்றினாலும் இந்தக் குறை தீரவில்லை.

பெய்லி சூடாக்கும் இடத்தையும் சேர்த்துவைக்கும் இடத்தையும் பிரித்தார். கூரையில் நாலங்குல ஆழமே உள்ள ஒரு பெட்டி. அதற்குள் கறுப்புச் செப்புத்தகடு. தகட்டோடு ஒட்டி வளைந்து வளைந்து போகும் செப்புக் குழாய். மேலே கண்ணாடி. இந்தக் குழாய்க்குள் ஒரு நேரத்தில் இருக்கும் தண்ணீர் கொஞ்சம்தான். ஆகவே வெயில் பட்டதும் சட்டென்று சூடாகிவிடும். தொட்டி வெயிலிலேயே இல்லை. அது கூரைக்கு அடியில், பெட்டியைவிட உயரமான இடத்தில், சூடு வெளியேறாதபடி தடிமனான காப்புறை போர்த்தி உட்கார்ந்திருந்தது.

இரண்டுக்கும் நடுவே பம்பு கிடையாது. சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே ஏறும், குளிர்ந்த தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும். தொட்டியின் அடியிலிருந்து ஒரு குழாய் பெட்டியின் அடிப்பக்கத்துக்கு வருகிறது. பெட்டியின் மேற்பக்கத்திலிருந்து இன்னொன்று தொட்டிக்குத் திரும்புகிறது. வெயில் ஏறியதும் தண்ணீர் தானாகவே சுற்ற ஆரம்பிக்கிறது. வெயில் போனதும் தானாகவே நிற்கிறது. தொட்டி உயரத்தில் இருப்பதால், இரவில் சூடான தண்ணீர் குளிர்ந்த பெட்டிக்கு இறங்கி வீணாவதும் இல்லை. ஃப்ளாஸ்கில் ஊற்றி வைத்த காபியைப் போல், பிற்பகலின் சூடு மறுநாள் காலைவரை தொட்டிக்குள் காத்திருந்தது.

1910 ஆகஸ்டில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. பெயர் 'டே அண்ட் நைட்'. பகலிலும் இரவிலும்.

இந்தப் பெயரை நான் ரசிப்பதற்குக் காரணம் உண்டு. இதில் சூரியன் இல்லை, தண்ணீர் இல்லை, வெந்நீர் என்ற சொல்லும் இல்லை. அதுவரை வந்த எல்லா ஹீட்டர்களும் எதைச் செய்ய முடியவில்லையோ, அதை மட்டும் எடுத்துப் பெயராக்கினார் பெய்லி. சூரியனுக்குள்ள ஒரே குறை இரவு. அந்தக் குறையையே பெயருக்குள் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தது ஒரு சூரிய ஹீட்டர். க்ளைமாக்ஸ் என்பது தன்னைத்தானே உச்சி என்று புகழ்ந்துகொள்ளும் பெயர். அடுப்புக்கும் வைக்கலாம், செருப்புக்கும் வைக்கலாம். டே அண்ட் நைட் என்ற பெயரோ வாங்குபவர் அன்று இரவே சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு வாக்கு.

அமெரிக்க நீதிமன்றங்கள் பிற்காலத்தில் பெயர்களைப் படிப்படியாகத் தரம் பிரித்தன. 1976இல் அபர்க்ராம்பி வழக்கில் நீதிபதி ஹென்றி ஃப்ரெண்ட்லி அதைச் சீராக எழுதிவைத்தார். பொருளின் இனப்பெயரை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. பொருளின் தன்மையை நேராகச் சொல்லும் பெயருக்கு, மக்கள் மனதில் அது ஊன்றிய பிறகே பாதுகாப்பு. தன்மையை நேராகச் சொல்லாமல் குறிப்பாக உணர்த்தும் பெயருக்குத் தொடக்கத்திலிருந்தே பாதுகாப்பு உண்டு. பொருளோடு சம்பந்தமே இல்லாத பெயருக்கும் புதிதாக உருவாக்கிய பெயருக்கும் எல்லாவற்றையும்விட வலுவான பாதுகாப்பு. 'சோலார் வாட்டர் ஹீட்டர்' முதல் படியில் நிற்கும். க்ளைமாக்ஸ் போன்ற தற்புகழ்ச்சிப் பெயர்கள் இரண்டாம் படியில் தடுமாறும். டே அண்ட் நைட் மூன்றாம் படிக்குரியது என்பது என் கணிப்பு. அந்தப் பெயரை மட்டும் கேட்டால் அது என்ன பொருள் என்று தெரியாது. என்ன பொருள் என்று சொல்லிவிட்டால், பெயர் உடனே விளங்கிவிடும்.

1911இல் டே அண்ட் நைட் சோலார் ஹீட்டர் கம்பெனி தொடங்கியது. விலை க்ளைமாக்ஸைவிடப் பல மடங்கு அதிகம். அப்படியிருந்தும் மக்கள் வாங்கினார்கள். காலையில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது, அவ்வளவுதான். பழைய ஹீட்டர்களால் எதிரே நிற்க முடியவில்லை. கெம்ப்பின் காப்புரிமை ஏற்கெனவே 1908இல் காலாவதியாகியிருந்தது. க்ளைமாக்ஸ் என்ற பெயரும் பின்னாலேயே போய்விட்டது.

பெயரில் இருந்த வாக்குக்கு முதல் சோதனை 1913 ஜனவரியில் வந்தது. தென் கலிஃபோர்னியா அதுவரை கண்டிராத கடுங்குளிர். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்கள் ஒரே வாரத்தில் கருகின. கூரையில் இருந்த பெய்லியின் மெல்லிய செப்புக் குழாய்களுக்குள் தண்ணீர் உறைந்து, விரிந்து, குழாய்களை வெடிக்கச் செய்தது. இரவிலும் கைவிடாது என்று பெயர் வைத்த பொருளை ஓர் இரவே உடைத்துப்போட்டது. பெய்லி தன் அமைப்பை மாற்றினார். கூரைப் பெட்டியில் இனி குளிக்கும் தண்ணீர் ஓடாது. ஆல்கஹால் கலந்த, எளிதில் உறையாத தண்ணீர் ஓடும். அது வெயிலில் சூடேறி, தொட்டிக்குள் சுருளாக வைத்த குழாய் வழியே போகும்போது சூட்டைக் குளிக்கும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும். இரண்டு தண்ணீரும் கலப்பதே இல்லை. குளிர் நாடுகளின் சோலார் ஹீட்டர்களில் இன்றும் இதே ஏற்பாடுதான்.

இந்த நிகழ்ச்சியைக் கதையின் மையம் என்றே சொல்வேன். காப்புரிமை பெய்லிக்கு 1910 வடிவத்தின்மீது உரிமை கொடுத்தது. வடிவம் உடைந்தது. பெயர் உடையாமல் இருக்க அவர் வடிவத்தை மாற்றினார். உடைந்த குழாய்களைச் சும்மா விட்டிருந்தால் டே அண்ட் நைட் என்பது ஊரில் ஒரு கேலிச்சொல்லாக மிஞ்சியிருக்கும், பதிவேட்டில் எத்தனை பாதுகாப்பு இருந்தாலும்.

முதல் உலகப் போர் முடிந்தபோது நாலாயிரத்துக்கு மேற்பட்ட டே அண்ட் நைட் ஹீட்டர்கள் விற்றிருந்தன. 1920 உச்சம். அந்த ஒரே ஆண்டில் ஆயிரத்துக்கு மேல் விற்றது. பிறகு சரிவு.

சரிவுக்குக் காரணம் ஹீட்டரின் குறை அல்ல. 1921இல் லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே சிக்னல் ஹில்லில் எண்ணெய் பீறிட்டது. சுற்றுவட்டாரம் முழுக்க எண்ணெயும் இயற்கை வாயுவும் வெளிவந்தபடி இருந்தன. கரியிலிருந்து வடித்த பழைய வாயுவுக்குப் பதிலாக, மலிவான இயற்கை வாயு குழாய் வழியே வீட்டுக்கே வந்தது. வாயு கம்பெனிகள் தவணைமுறையில் ஹீட்டர் கொடுத்தன. 25 டாலர் ஹீட்டரால் 9 டாலர் மிச்சம் என்ற பழைய கணக்கு தலைகீழானது. 1930இல் டே அண்ட் நைட் சோலார் ஹீட்டர் விற்ற எண்ணிக்கை நூறைக்கூடத் தொடவில்லை.

சரிவு தொடங்கியபோது பெய்லியிடம் மிஞ்சியிருந்தவை மூன்று. சூடு தங்கும் தொட்டியைச் செய்யும் கைத்திறன், முடிவை நெருங்கும் ஒரு காப்புரிமை, ஒரு பெயர். அவர் தொட்டியின் அடியில் வாயு பர்னரை வைத்தார். அதே காப்புறை, அதே டே அண்ட் நைட் பெயர். பகலிலும் இரவிலும் வெந்நீர் என்ற வாக்கும் அதேதான். வெயில் மட்டும் இல்லை. அமெரிக்காவின் பெரிய வாயு வாட்டர் ஹீட்டர் நிறுவனங்களில் ஒன்றாக அது வளர்ந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. வெயிலுக்காகப் பிறந்த பெயர் வாயுவுக்கு வேலை செய்யப் போய்விட்டதே என்று. ஆனால் வாங்கியவர்கள் பக்கம் நின்று பார்த்தால் இதில் துரோகம் ஏதுமில்லை. அவர்கள் அந்தப் பெயரை நம்பியது காலையில் வெந்நீர் வரும் என்பதற்காக. வந்தது. டிரேட்மார்க் சட்டமும் அதையேதான் பார்க்கும். அந்தப் பெயரைத் தாங்கி வரும் சரக்கு எந்தக் கையிலிருந்து வருகிறது, அந்தக் கையை நம்பலாமா என்பதுதான் அதன் கேள்வி. எரிவது எது என்று அது கேட்பதில்லை.

கண்டுபிடிப்பு வேறு பாதையில் போனது. 1923இல் பெய்லி ஃப்ளோரிடாவுக்கான உரிமையை விற்றார். மயாமியில் அந்த ஹீட்டர் தழைத்தது. 1926 செப்டம்பர் சூறாவளி நகரத்தைச் சிதைத்தது, கட்டுமானத் தொழில் படுத்தது, ஹீட்டர் கம்பெனியும் மூடப்பட்டது. 1927இல் பெய்லியின் காப்புரிமைக் காலமும் முடிந்தது. முப்பதுகளில் சார்லஸ் எவால்ட் போன்றவர்கள் அந்த வடிவத்தை எடுத்து, அங்குள்ள தண்ணீருக்கும் வெயிலுக்கும் ஏற்பத் திருத்தி, வேறு பெயரில் விற்றார்கள். எவால்டின் ஹீட்டர் பெயர் 'டூப்ளெக்ஸ்'. தொட்டியைப் பொய்ப் புகைபோக்கிக்குள் ஒளித்துவைத்த வீடுகள் மயாமியில் தெருத்தெருவாக நின்றன. 1941 வாக்கில் அந்நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெயிலில் காய்ந்த தண்ணீரில் குளித்தார்கள். போர்க்காலத்தில் செம்புக்குக் கட்டுப்பாடு வந்ததும் புது ஹீட்டர் செய்வது நின்றது.

ஆக, ஒரே கூரையில் பிறந்த இரண்டும் பிரிந்தன. கலிஃபோர்னியாவில் கண்டுபிடிப்பு போய்ப் பெயர் தங்கியது. ஃப்ளோரிடாவில் பெயர் போய்க் கண்டுபிடிப்பு தங்கியது.

கண்டுபிடிப்பு இன்று நம் மொட்டை மாடிகள்வரை வந்திருக்கிறது. கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ மாடியில் நிற்கும் சோலார் ஹீட்டரைப் பாருங்கள். சாய்வான கலெக்டர், அதற்கு மேலே படுத்திருக்கும் காப்புறை போட்ட டேங்க், நடுவில் பம்பு இல்லாமல் தானாகச் சுற்றும் தண்ணீர். செப்புத்தகட்டுக்குப் பதில் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள் இருக்கலாம். ஏற்பாடு பெய்லியுடையது. அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். யாரும் யாருக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டாம்.

வடிவம் பொதுச்சொத்து ஆகிவிட்ட பிறகு, ஒரு தயாரிப்பாளரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது பெயர்தான். அதனால்தான் சோலார் பொருளுக்குப் பெயர்ப் பாதுகாப்பு மற்றப் பொருள்களைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். சேலையை விரித்துப் பார்க்கலாம், அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். டேங்கின் காப்புறை எத்தனை தடிமன், உள்தொட்டி எப்போது ஓட்டையாகும், மின்சாரம் தரும் பேனலின் செல்கள் இருபது ஆண்டு தாங்குமா என்று கடையில் நின்றுகொண்டு எவராலும் சொல்ல முடியாது. கண்ணுக்கு இரண்டு பேனலும் ஒரே நீலக் கண்ணாடிதான். அதனால் தரம் குறைந்த பேனலின் பின்பக்கத்தில் நல்ல பெயரை ஒட்டி விற்பது சுலபம். வாங்கியவருக்கு மின்சாரம் குறைவது தெரியவரும்போது ஆண்டுகள் ஓடியிருக்கும். இந்தியாவில் அரசுத் திட்டங்களுக்கு வரும் பேனல்களில் தயாரிப்பாளர் பெயர், தயாரித்த மாதம், வரிசை எண் ஆகியவை பதிந்த ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு இருக்க வேண்டும் என்று விதித்தது இதனால்தான். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவும் கட்டாயமாகியிருக்கிறது. ஆனால் தர முத்திரை இந்தச் சரக்கு சோதனையில் தேறியது என்று சொல்லும். யாருடைய சரக்கு என்பதற்குப் பொறுப்பேற்பது டிரேட்மார்க்.

நம் 1999ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பொருளின் வகையையோ தரத்தையோ பயனையோ மட்டும் சொல்லும் பெயரைப் பதிய மறுக்கச் சொல்கிறது. இதை அறியாமல் 'சோலார்', 'சூர்யா', 'பவர்', 'எனர்ஜி' என்ற சொற்களையே மாற்றி மாற்றிக் கோத்துப் பெயர் வைக்கிறார்கள் நம் சிறு தயாரிப்பாளர்கள். கிண்டியில் உள்ள பதிவகத்துக்குப் போனால் ஆட்சேபம் வருகிறது. தப்பித்தவறிப் பதிவானாலும், பக்கத்துக் கடைக்காரர் அதே சொற்களை வேறு வரிசையில் போட்டு விற்பதைத் தடுக்க அந்தப் பதிவுக்கு வலு இருப்பதில்லை. பொதுச் சொற்கள் பொதுவிலேயே இருக்கட்டும் என்ற விதி நியாயமானது. இல்லாவிட்டால் முதலில் வந்தவர் சூரியனையே பதிந்துகொண்டு போய்விடுவார். வகுப்பு விஷயத்திலும் பலர் இடறுகிறார்கள். மின்சாரம் தரும் பேனல் 9ஆம் வகுப்பு, வெந்நீர் தரும் ஹீட்டர் 11ஆம் வகுப்பு. இரண்டையும் ஒரே பெயரில் விற்பவர் இரண்டிலும் பதிய வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் பதிவு தொடரும். பதிந்துவிட்டு ஐந்தாண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், அதை நீக்கும்படி பிறர் கேட்கலாம். பதியாத பெயருக்கும் நீதிமன்றத்தில் ஒரு வழி உண்டு, கெம்ப் காலத்துப் பொதுச்சட்ட வழியின் வாரிசு அது. ஆனால் அந்தப் பெயருக்கு நற்பெயர் இருந்தது என்பதை ஒவ்வொரு முறையும் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும்.

டே அண்ட் நைட் பெயர் பல கை மாறியது. பிரையன்ட், பெய்ன் என்ற மற்ற இரு வெப்பச் சாதனப் பெயர்களோடு சேர்ந்து ஒரே நிறுவனத்துக்குள் வந்து, 1955இல் ஏர்கண்டிஷனர் நிறுவனமான கேரியரிடம் போய்ச் சேர்ந்தது. இன்று அந்தப் பெயரில் வருபவை ஏசி, ஹீட் பம்ப், வாயுவில் ஓடும் வீட்டுக் கணப்பு. அமெரிக்க வீடுகளில் அதைப் பொருத்தும் டெக்னீஷியன்களில் எத்தனை பேருக்கு மன்ரோவியாவின் வெயில் நினைவிருக்கும் என்று தெரியவில்லை. அந்தப் பெயர் மறுபடி ஒரு சூரிய ஹீட்டரில் ஏற வேண்டும் என்பது என் ஆசை. வாயுவின் புகையை உலகமே எண்ணிப் பார்க்கும் இந்த நேரத்தில் அதைவிடப் பொருத்தமான பெயர் வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. கணப்பும் ஏசியும் சோலார் ஹீட்டரும் டிரேட்மார்க் பதிவேட்டில் ஒரே 11ஆம் வகுப்பில்தான் இருக்கின்றன.